ஆறாயிரம் அத்தியாயமாகப் படுத்திருந்தவள்

மேகலா குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்கினாள். இதைக் கேள்விப்பட்ட உறவினர்கள், "அதுக்கெல்லாமா காசு குடுக்கறாங்க? நாங்க இத்தன வருசமாச் சும்மாவே பண்ணீட்டு இருக்கறமே" என்று வருத்தப்பட்டார்கள்.

கோயம்புத்தூரில் முன்பு நூற்பாலை ஒன்று இருந்த இடத்தில் எழும்பிய கண்ணாடிக் கட்டடத்தில் அவளுடைய அலுவலகம். நிறுவனத்தின் பெயர் தொடர்வனம். நாற்பது மொழிகளில், கைபேசியில், தினமும் தொடர்கதை வெளியிடுவது அதன் தொழில். அங்கே ஓர் எழுத்தாளர்கூட வேலை பார்க்கவில்லை. எல்லாக் கதைகளையும் ஒரே இயந்திரம் எழுதியது. அதற்கு 'எழுத்தர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வாசகர்கள் மணிக்கட்டில் ஒரு பட்டை அணிந்துகொள்வார்கள். படிக்கும்போது நாடித்துடிப்பு எங்கே குறைகிறது என்பதைப் பட்டை எழுத்தருக்குச் சொல்லிவிடும். துடிப்பு குறைந்த இடத்தில் எழுத்தர் ஒரு வாளை உருவும். வாள் போதவில்லை என்றால் மலையைப் பிளக்கும்.

ஆனாலும் சட்டம் என்று ஒன்று இருந்தது. இயந்திரம் எழுதும் ஒவ்வொரு பெரிய தொடரையும் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மனிதர் முழுக்கப் படித்து, அதன் நிறை என்ன, குறை என்ன என்று அறிக்கை தர வேண்டும். அறிக்கை சொல்கிறபடி எழுத்தர் கதையைத் திருத்தும். இந்த வேலையையும் எழுத்தரிடமே கொடுத்துவிடலாம் என்று நிறுவனம் ஒருமுறை முயன்று பார்த்தது. "இப்படியொரு காவியத்தைப் படைத்தவர் எவரோ, அவருடைய பாதங்களுக்கு என் வணக்கம்" என்று எழுத்தர் எழுதிக் கொடுத்தது. அதன் பிறகுதான் மேகலாவுக்கு வேலை கிடைத்தது.

"இந்த வருஷம் உங்களுக்கு 'மேகங்களை மிதித்தவன்'" என்றான் ஹரிபிரசாத். சென்னையிலிருந்து வந்திருந்த மேலாளன். கெட்ட செய்தியையும் பிறந்தநாள் வாழ்த்துப் போலச் சொல்லத் தெரிந்தவன். "போன தடவை பார்த்தவர் பாதியிலேயே லீவ்ல போயிட்டார். நீங்கதான் கொஞ்சம் காரமா எழுதுவீங்க."

"அது எவ்வளவு நீளம்?"

"முடிவு இல்லை, மேகலா. அதுதானே அதோட பியூட்டி."

'மேகங்களை மிதித்தவன்' சீனாவில் யாரோ ஒருவர் இணையத்தில் தினம் ஓர் அத்தியாயமாக எழுதத் தொடங்கிய கதை. ஆயிரத்துச் சொச்சம் அத்தியாயத்தில் அவர் கை ஓய்ந்தோ மனம் ஓய்ந்தோ நிறுத்திவிட்டார். உரிமையை வாங்கிய தொடர்வனம், மீதியை எழுத்தரிடம் ஒப்படைத்தது. எழுத்தருக்குக் கையும் கிடையாது, மனமும் கிடையாது. எனவே அது ஓயவில்லை. இப்போது ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது.

கதை இதுதான். வெய் ஷான் என்றொரு ஏழை இளைஞன். அவன் தங்கைக்கு ரத்தம் உறையும் ஒரு நோய். அது தீர, எட்டாத சிகரத்தில் பூக்கும் ஒரு தாமரை வேண்டும். அதைப் பறிக்க அவன் சித்தனாக வேண்டும். எனவே பாறை மேல் உட்கார்ந்து மூச்சை இழுக்கிறான், உயிராற்றலைத் தொப்புளுக்குக் கீழே சேமிக்கிறான், மாத்திரைகளை விழுங்குகிறான், நிலை நிலையாக உயர்கிறான். ஒவ்வொரு நிலையிலும் கீழ்ப்படி, நடுப்படி, மேல்படி, உச்சம் என்று உண்டு. உச்சத்துக்கு மேலே 'அடுத்த நிலையில் பாதி' என்றும் ஒன்று உண்டு. எல்லாவற்றையும் தாண்டி முடித்ததும், அதற்கு மேலே இன்னொரு வானம் இருப்பது தெரியவரும். அங்கே வாசல் கூட்டுகிறவனே இவனைவிடப் பெரிய சித்தனாக இருப்பான். தனியார் நிறுவனத்தில் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புரியாமல் போக வாய்ப்பில்லை.

போகிற வழியிலெல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் எதிர்ப்படுவார்கள். "நான் யார் வீட்டுப் பிள்ளை தெரியுமா?" என்பார்கள். வெய் ஷான் ஓர் அறை விடுவான். பிறகு அந்தப் பிள்ளையின் அண்ணன் வருவான், அறை வாங்குவான். சித்தப்பா, அப்பா, தாத்தா, குலத்தைத் தோற்றுவித்த கிழவர் என்று வயது வரிசைப்படி எல்லோரும் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். ஒரு குடும்ப அட்டையில் இருக்கிற அத்தனை பேரும் அடிபட்டு முடிய நூறு அத்தியாயம் ஆகும். பெண்களுக்கெல்லாம் பளிங்கு முகம். அவனைக் கண்டதும் வெட்கப்பட்டு, ஆளுக்கொரு மலையில் அவனுக்காகக் காத்திருக்கப் போய்விடுவார்கள். செத்தவர்களை எழுப்பவும் ஒரு மாத்திரை இருந்தது.

தங்கைக்கு சியாவ்மெய் என்று பெயர். சீன மொழியில் அதற்குச் சின்னத் தங்கை என்றே பொருள். அதாவது, அவளுக்குப் பெயர் வைக்கிற சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

மேகலா அறிக்கை எழுதினாள். நிறை என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: "தொடங்கினால் நிறுத்த முடியவில்லை, மூக்குப்பொடிக்கும் இந்தச் சிறப்பு உண்டு." மாத்திரையை ஏலம் விடும் காட்சி ஒன்றைப் படிக்கையில் மத்தியானச் சாப்பாட்டை மறந்துபோனதை அவள் எழுதவில்லை. குறைகளுக்குப் பல பக்கங்கள் தேவைப்பட்டன. பெண்களைச் சுவரில் மாட்டிய காலண்டர் படங்களாக நடத்துவதைக் கண்டித்தாள். அறைகளைக் குறைக்கச் சொன்னாள். கடைசியாக, தனக்கே மிகவும் பிடித்துப்போன ஒரு பத்தியை எழுதினாள்: "நாயகன் இதுவரை எதையும் இழக்கவில்லை. தங்கையின் பாத்திரம் கதைக்குப் பாரம். ஆறாயிரம் அத்தியாயமாக ஒரே கட்டிலில் கிடக்கிறாள், எப்போதாவது இருமுகிறாள். அவள் சாக வேண்டும். அந்தச் சாவு நாயகனை மாற்ற வேண்டும். உயிர்ப்பிக்கும் மாத்திரையை இந்த உலகத்தை விட்டே நீக்க வேண்டும்."

எழுத்தர் கீழ்ப்படிதலில் குறை வைக்காதது. மறுநாள் அத்தியாயத்தில் பனி பெய்தது. சியாவ்மெய் மூன்று முறை இருமினாள். தாமரையோடு அண்ணன் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் செத்துப்போனாள். மாத்திரை செய்யும் ஓலைச்சுவடிகள் எல்லாம் அன்றைக்கே தீப்பற்றி எரிந்தன. வெய் ஷான் ஒரு வாய் ரத்தம் கக்கினான். பிறகு, அறிக்கை கேட்டபடியே, மாறினான். அவனைப் பூமியோடு கட்டியிருந்த கடைசிப் பற்று அறுந்தது. உடல் இறகாக லேசானது. இத்தனை காலமும் திறக்காத கதவு திறந்தது. ஒரே மூச்சில் மூன்று நிலைகளைத் தாண்டி, முகில்களுக்கு மேலே போய் நின்றான்.

மூன்று நாள் கழித்து ஹரிபிரசாத் கேக் வாங்கி வைத்தான். "நாற்பது மொழியிலயும் ஒரே நேரத்துல அழுதிருக்காங்க மேகலா! இப்படி ஒரு பல்ஸ் நாங்க பார்த்ததே இல்லை. நீங்க ஒரு ஜீனியஸ்."

"இழப்பு இல்லாம கதை இல்ல சார்" என்று அடக்கத்தோடு சொல்லிவிட்டு மேகலா இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அவள் அண்ணன் ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டார். கணபதியில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருப்பவர். வீட்டில் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை விரல் விட்டு எண்ணலாம். அவரே போன் செய்தால் விஷயம் சாதாரணமாக இருக்காது.

"மேகலா, சித்த வந்துட்டுப் போறியா? உங்க அண்ணி டயாலிசிஸுக்கு வர மாட்டேங்கறா. முந்தா நேத்தும் போகல. இன்னைக்கும் இல்லைங்கறா."

அண்ணி சுகந்திக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. அதற்கு முன்னால் ஒரு பம்ப்செட் கம்பெனியில் கொள்முதல் பிரிவுக்குத் தலைவி. மட்டமான வார்ப்பிரும்பை அனுப்பிவிட்டு அவளிடம் பேசப் போகிற வியாபாரிகள் வாசலிலேயே சாமி கும்பிட்டுக்கொள்வார்கள். இப்போது வாரத்தில் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம், ஒரு இயந்திரம் அவளுடைய ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பியது. ஒரு முறை தவறினால் கால் வீங்கும். இரண்டாவது முறை தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேல் தவறவிட்டவர்கள் என்ன ஆனது என்று சொல்வதற்கு இருப்பதில்லை.

மேகலா போனபோது அண்ணி கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். பாதங்கள் ஊறிய ரொட்டி போல உப்பியிருந்தன. மணிக்கட்டில் தொடர்வனத்தின் பட்டை. மடியில் கைபேசி, அதில் மேகத்தின் மேல் நிற்கும் வெய் ஷானின் படம்.

"அண்ணி, நீங்க இதையா படிக்கறீங்க?"

"ஏன், படிக்கப்படாதா? ஊசி குத்துன நாள்ல இருந்து படிக்கறேன். உங்கிட்டச் சொல்லல. சொன்னா நீ மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்குவே, எங்க எம்.டி. லோக்கல் போல்ட்டப் பாக்கற மாதிரி."

"ஏனுங்கண்ணி ஆஸ்பத்திரிக்குப் போகல?"

"சலிச்சுப் போச்சு கண்ணு."

"அண்ணி…"

அண்ணி சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே ஈஸ்வரமூர்த்தி எதையோ கருகவிட்டுக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்தப் புள்ள செத்துருச்சு. தெரியுமா?"

மேகலாவின் வாயில் மத்தியானம் சாப்பிட்ட கேக் திடீரெனக் கசந்தது. "தெரியுமுங்க."

"அது சாகும்னு எனக்கு எப்பவோ தெரியும். அதுக்கு நான் வெசனப்படல. அதுக்கப்பறம் நடந்துச்சு பாரு, அதுதான். அவ போனதும் அவனுக்கு ஒடம்பு எறகாட்ட ஆயிருச்சு. ஒரே மூச்சுல மூணு நெல. இத்தன வருசமா அவன் ஏன் அங்கயே நின்னுட்டு இருந்தான்? இவ கட்டில்ல கெடந்ததால. எழுதுனவனுக்கு அது தெரிஞ்சிருக்குது. எனக்குத்தான் தெரியல."

கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "உங்கண்ணன் வாரத்துல மூணு நாளு பட்டறையப் பூட்டிப் போடறாரு. பெரிய ஆர்டர் ஒண்ணு தேடி வந்துச்சு, முடியாதுன்னுட்டாரு. மனுசன் கடைசியா எப்பச் சிரிச்சாருன்னு யோசிச்சுப் பாத்தேன், நெனப்புக்கு வரல. தாமர பறிக்கப் போனவரு அவரு. நான் சும்மா இருமீட்டுக் கெடக்கறேன்."

"அண்ணி, அது மிஷின் எழுதற கதைங்க! அதப் போயி…"

"பம்ப்பக்கூட மிஷின்தான் செய்யுது. தண்ணி நெசமாத்தான வருது?"

 பக்கம் பக்கமாகக் குறை எழுதியவள் அண்ணியின் தலையணையைச் சரிசெய்தாள்.

"அவருகிட்ட இதச் சொன்னீன்னா உன்ற மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள் அண்ணி.

மறுநாள் காலை அலுவலகம் திறந்ததும் மேகலா ஹரிபிரசாத்தின் முன்னால் நின்றாள். தங்கையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்றாள்.

"யாரோட தங்கை?"

"சியாவ்மெய்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான். "மேகலா, அறிக்கை ஒரு வருஷத்துக்கு செல்லும். நடுவுல மாத்தினா மனித மதிப்பீட்டுக்கு என்ன மரியாதை? சட்டம் போட்டதே உங்களை மாதிரி மனுஷங்களோட கருத்தைக் காப்பாத்தத்தான்."

"மாத்திரை கொடுத்தாவது எழுப்பலாமே?"

"மாத்திரையை நீக்கச் சொன்னது யாரு?" அறிக்கையைத் திரையில் திறந்து காட்டினான். அவளுக்கு மிகவும் பிடித்த அந்தப் பத்தி, அவளுடைய கையெழுத்துக்கு மேலே ஜோராக நின்றது.

அவள் அண்ணியைப் பற்றிச் சொன்னாள். ஹரிபிரசாத் கெட்டவன் இல்லை. கேட்டதும் அவன் முகம் உண்மையிலேயே வாடியது. "உங்க அண்ணி அக்கவுண்டுக்கு மட்டும் வேற கதை போடச் சொல்லட்டுமா? படுக்கைல இருக்கிறவங்களுக்கு இதமா ஒண்ணு." எழுத்தரிடம் கேட்டான். எழுத்தர் உடனே பரிந்துரைத்தது: பூனைகள் நடத்தும் டீக்கடை.

"சார், அண்ணி மாதிரி எத்தன பேரு படிக்கறாங்க? கட்டில்ல இருந்துட்டு?"

"அப்படி ஒரு பிரிவு நம்மகிட்ட இல்லையே."

"இந்த அத்தியாயத்துக்கு அப்பறம் படிக்கறதயே நிறுத்தினவங்க?"

அவன் திரையைத் தடவிப் பார்த்தான். "இருக்காங்க. அவங்க 'நிறைவுற்ற வாசகர்கள்'ங்கற தலைப்புல வருவாங்க. அது பாசிட்டிவ்வான விஷயம்தான்."

மேகலா அன்றைக்கு விடுப்பு எழுதிக் கொடுக்காமலே வெளியேறினாள். ஓட்டுநர் இல்லாத பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாரும் ஏறாவிட்டாலும் மரியாதையாக நின்று கிளம்பியது. அவள் பாதியில் இறங்கி ஆட்டோ பிடித்தாள். வீட்டுக்குப் போனபோது அண்ணிக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. ஈஸ்வரமூர்த்தி கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார். கெஞ்சத் தெரியாத மனிதர் கெஞ்சி முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிற தோரணை.

மேகலா அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி மூஞ்சியில் முழிக்காவிட்டால் பரவாயில்லை, மூஞ்சி இருந்தால் போதும் என்று தோன்றியது. கைபேசியில் அந்த அத்தியாயத்தையும் திறந்து கொடுத்தாள்.

ஈஸ்வரமூர்த்தி அதுவரை வாழ்க்கையில் படித்ததெல்லாம் இயந்திரங்களோடு வருகிற கையேடுகள்தான். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதே கவனத்தோடு, வரிவரியாகப் படித்தார். பனி பெய்த இடத்தில் தொண்டையைச் செருமினார். ரத்தம் கக்கிய இடத்தைத் தாண்டினார். இறகாக லேசான இடத்துக்கு வந்ததும் அவர் காது சிவந்தது. எழுந்து நேரே படுக்கையறைக்குள் போனார்.

"ஏம்புள்ள, இவனெல்லாம் ஒரு மனுசனா?" என்று கத்தினார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற சத்தம். "கூடப் பொறந்தவளோட சாம்பல்கூட ஆறல, அதுக்குள்ள இவனுக்குப் ப்ரமோசனா? அதுவும் ஒண்ணுக்கு மூணா?"

சுகந்தி மேகலாவை ஒரு பார்வை பார்த்தாள். மேகலா சுவரைப் பார்த்தாள்.

"எனக்கு அந்தப் ப்ரமோசன் வேண்டாம்" என்றார் ஈஸ்வரமூர்த்தி. குரல் இறங்கிவிட்டது. "நான் மேகத்து மேல போயி நின்னு என்ன பண்றது? அங்க யாருக்கு லேத் வேணும்? நீ இருமுனாலும் சரி, வைதாலும் சரி, இங்கயே இரு. வாசல்ல ஆட்டோ நிக்குது. எந்திரி."

அவள் அழுதாள். மூச்சு முட்டுகிறபோது அழுவது சுலபமல்ல. கொஞ்சம்தான் முடிந்தது. பிறகு, "ஒரு சட்டையப் போடுங்க முதல்ல. இப்பிடியேவா வருவீங்க?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவசரமாக ஒரு படுக்கை கொடுத்தார்கள். மருத்துவர் திட்டினார். டெக்னீசியன் திட்டினாள். தரையைத் துடைக்க வந்த அம்மாள்கூட, தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாள். ரத்தம் குழாயில் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்து, அண்ணியின் முகத்தில் நிறம் திரும்பியபோது, மேகலா உண்மையைச் சொன்னாள். சியாவ்மெய்யைச் சாகடிக்கச் சொன்னது எழுத்தர் அல்ல, தான்தான் என்று.

அறிக்கையில் எழுதிய மற்றதையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"தங்கச்சி கதைக்குப் பாரம்னு எழுதினியா?"

"ஆமாங்க."

"பொம்பளைங்களைக் காலண்டர் படமாட்ட வெச்சிருக்கறான்னும் நீதான் எழுதினியா?"

"அதுவும் நாந்தானுங்க."

"ரெண்டும் ஒரே அறிக்கையிலயா?"

மேகலா தலையாட்டினாள்.

"சபாஷ்" என்றாள் அண்ணி. கொள்முதல் அதிகாரியாக இருந்தபோது அந்தச் சொல்லைக் கேட்ட வியாபாரிகள் மறுபடி அந்தப் பக்கம் வந்ததில்லை. "சரி. அந்தக் கருமத்த இனி நான் தொட மாட்டேன். ஆனா இங்க நாலு மணி நேரம் மோட்டுவளையப் பாத்துட்டும் படுத்திருக்க முடியாது. நீதான் பெரிய ஆளாச்சே. நீயே ஒரு அத்தியாயம் எழுதிக் கொண்டா."

மேகலா எழுதினாள். அறிக்கையில் தான் கேட்ட நற்பண்புகள் எல்லாவற்றையும் அதில் சேர்த்தாள். வெய் ஷானுக்கு மனப்போராட்டம் கொடுத்தாள். நிலவொளியை வர்ணித்தாள். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தும் காட்டினாள். அந்தப் பக்கம் ஈஸ்வரமூர்த்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

"நிறை சொல்லட்டுமா, குறை சொல்லட்டுமா?" என்றாள் சுகந்தி.

"நிறை மொதல்ல சொல்லுங்க."

"எழுத்துப் பிழை இல்ல. போதுமா? குறைக்கு வருவோம். ஒன்றரைப் பக்கமா நெலாவப் பாத்துட்டு இருக்கறான். வேலவெட்டி இல்லியா அவனுக்கு? அந்தப் பணக்காரப் பையன் எங்க போனான்?"

"அறைய எல்லாம் கொறச்சுட்டனுங்க. ஒரே மாதிரி இருக்குதுன்னு…"

"ஒரே மாதிரித்தான் இருக்கோணும். அது எதுக்குன்னு நெனச்சே? இங்க பாரு." ஊசிகள் குத்தியிருந்த கையைக் கண்ணால் காட்டினாள். "என்னால சொம்புத் தண்ணி முழுசாக் குடிக்க முடியாது. ஒரு எளநி குடிக்க முடியாது. யாரக் கேட்டாலும் 'பாத்துக்கலாம், பாத்துக்கலாம்'ங்கறாங்க. எனக்கு ஆரையாச்சும் பளார்னு ஒண்ணு விடோணும். நானு விட முடியாது, அவன் விடறான். நீ அதையும் புடுங்கீட்டா எப்படி?"

மேகலா கைபேசியில் குறித்துக்கொண்டாள். மூக்குப்பொடி உவமை நினைவுக்கு வந்து காது சுட்டது.

"அப்பறம், தங்கச்சிய எழுப்பு."

"அவ செத்துட்டாளேங்கண்ணி. மாத்திரையும் இல்ல."

"அது அவன் கதையில. நம்ம கதையில இன்னும் சாகல. ஆறாயிரம் அத்தியாயமாப் படுத்திருக்கறாளே, ஒருத்தனாச்சும் அவளக் கேட்டானா? முதுகு வலிக்காதா அவளுக்கு? எந்திரிச்சு உக்காரட்டும். அவளும் மூச்ச இழுத்துப் பழகட்டும்."

"நோய் தீரணுமே?"

"தீந்தா தீரட்டும், தீராட்டிப் போகட்டும். அதுக்காகக் காத்துட்டு இருந்தா காத்துட்டேதான் இருக்கோணும். சீக்க ஒரு கையில புடிச்சுட்டே மெதுவா நடக்கட்டும். பத்தடி நடந்தா உக்காரட்டும். ஆனா அவளே நடக்கோணும்."

"அப்ப அண்ணங்காரன் என்ன பண்றான்?" என்று கேட்டது ஈஸ்வரமூர்த்தியின் குரல். அவர் எப்போது விழித்தார் என்று தெரியவில்லை.

சுகந்தி அவரைத் திரும்பிப் பார்த்தாள். "தாமர பறிக்கறதத் தவிர அவனுக்கும் ஏதாச்சும் வேல இருக்குமில்ல? போயிப் பாக்கட்டும். ஏனுங்க, திங்கக்கெழம பட்டறையத் தொறந்துருங்க. மேகலா என்னையக் கூட்டியாருவா. கத எழுதறவ எப்படியும் வரத்தான வேணும்?"

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். அவள் விடவில்லை. வியாபாரிகளோடு பேசிப் பேசித் தேய்ந்த நாக்கு அது. ஐந்து நிமிடத்தில் அவர் ஒப்புக்கொண்டார்.

அப்படியாகத் திங்கட்கிழமைகளில் மேகலா, மற்ற நாட்களில் அவர் என்று முறை வைத்துக்கொண்டார்கள். சுகந்தி சொல்லுவாள், மேகலா தட்டச்சு செய்வாள். அடுத்த படுக்கையில் இருந்த சூலூர்க்காரர் தன் கட்டிலைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிக் கேட்கத் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வைக்கலாம் என்று மேகலா சொன்னபோது, "அவளே நல்லதாப் பாத்து வெச்சுக்கட்டும், நமக்கென்ன அவசரம்?" என்றாள் சுகந்தி. பணக்காரப் பிள்ளைகள் வந்தார்கள். அந்தப் பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே அறைந்தாள். சூலூர்க்காரர் ஒருமுறை கைதட்டப் போய்க் குழாய் இழுபட்டு, டெக்னீசியனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கியபோது ஹரிபிரசாத் மேகலாவைக் கூப்பிட்டனுப்பினான். அவன் மேசையில் மறுபடியும் ஒரு கேக் இருந்தது.

"தங்கச்சி வந்துட்டா!" என்றான். "எழுத்தரே கொண்டுவந்திருக்கு, யாரும் சொல்லாம! கல்லறைக்குள்ள கண்ணை முழிச்சு, நோயோடவே எழுந்து நடக்கிறா. நாற்பது மொழியிலயும் பிச்சுக்கிட்டுப் போகுது. இயந்திரத்துக்குக் கற்பனை வந்துடுச்சுன்னு பெங்களூர்ல கூட்டமே போட்டிருக்காங்க."

மேகலா அந்த அத்தியாயத்தைப் படித்தாள். "சீக்கை ஒரு கையில் பிடித்தபடி" என்ற சொற்களைப் பார்த்ததும் நிறுத்தினாள். அண்ணி இப்போதெல்லாம் கதை படிப்பதில்லை. ஆனால் பட்டையைக் கழற்றவும் இல்லை, நேரம் பார்க்க வசதியாக இருக்கிறது என்று. பட்டைக்கு நாடி மட்டும்தான் கேட்கும் என்று யார் சொன்னது? 'உங்கள் வாசிப்பு அனுபவத்தை மேம்படுத்த' என்று தொடங்கும் நீண்ட நிபந்தனையை எல்லோரையும் போல அண்ணியும் படிக்காமல் சம்மதித்திருப்பாள்.

"இது என்ற அண்ணியோட கதை சார்."

ஹரிபிரசாத் அன்போடு அவளைப் பார்த்தான். "எல்லா வாசகரும் அப்படித்தான் ஃபீல் பண்றாங்க, மேகலா. அதுதான் இதோட வெற்றி."

திங்கட்கிழமை அவள் அண்ணியிடம் கைபேசியைக் கொடுத்தாள். நடந்ததைச் சொன்னாள். வழக்குப் போடலாம், பத்திரிகைக்கு எழுதலாம், தான் வேலையை விட்டுவிடத் தயார் என்று கோபத்தில் என்னென்னவோ சொன்னாள். சுகந்தி எதற்கும் பதில் சொல்லாமல் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் புருவம் உயர்ந்தது. கல்லறை திறந்த இடத்தில், "பரவால்ல, நல்லாத்தான் செஞ்சிருக்கறான்" என்றாள். அந்தப் பெண் பனியில் முதல் அடி வைத்த இடத்தில் கண் கலங்கியது. பக்கத்துப் படுக்கையிலிருந்து சூலூர்க்காரர் என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பத்தாவது அடியில் சுகந்தி கைபேசியைப் பொத்தென்று போர்வை மேல் போட்டாள்.

"அட கெரகமே! பளிங்கு மூஞ்சியோட ஒரு இளவரசன் வந்து அவளத் தூக்கீட்டுப் போறானாமா. இப்பத்தானடா எந்திரிச்சா!"

மணிக்கட்டிலிருந்த பட்டையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, மேகலாவின் கையில் திணித்தாள்.

"இதக் கொண்டு போயி அந்தத் தண்ணிக் கேனுக்குள்ள போடு. போட்டுட்டு வந்து உக்காரு. நம்மது எங்க நின்னுச்சு?"

"பாலத்துக்குக் கிட்டங்க. மூச்சு வாங்குதுன்னு உக்காந்திருக்கறா."

"ம். உக்காந்தது போதும், எழுது."